ஆளில்லாத் தீவுக்கும் காவல் உண்டு

மணிமேகலைக் காப்பியம் பயின்றோர் மணிபல்லவத்தை மறந்திருக்க மாட்டார்கள். தெய்வத்தால் எடுத்துச் செல்லப்பட்ட மணிமேகலை அத்தீவின் மணற்பரப்பில் கண் விழிக்கிறாள். தோழியைக் காணவில்லை, வீடில்லை, வீதியில்லை. மாந்தர் எவரும் வாழாத அத்தீவில் ஒரு காவல் மட்டும் இருந்தது. இந்திரன் ஏவலால் தீவதிலகை என்னும் தெய்வம் அங்குள்ள பாதபீடிகையைக் காத்து நின்றதாகச் சாத்தனார் பாடுகிறார். ஆளில்லாத இடம் உரிமையற்ற இடமாகிவிடாது என்னும் எண்ணம் அக்காலத் தமிழரிடமே இருந்தது என்பதற்கு இது சான்றாகும்.

இவ்வெண்ணத்தை நினைவூட்டும் நிகழ்ச்சியொன்று 2025 ஏப்ரல் 2ஆம் நாள் நடந்தது. அமெரிக்க அரசு உலக நாடுகளின் பொருள்கள் மீது புதிய சுங்கவரி விதித்து வெளியிட்ட பட்டியலில் ‘ஹெர்ட், மக்டொனால்ட் தீவுகள்’ என்ற பெயரும் இடம்பெற்றது. வரி பத்து விழுக்காடு. அத்தீவுகளில் மனிதர் ஒருவர்கூட இல்லை. வாழ்வன பென்குவின்களும் சீல்களுமே என்று தெரிந்தபோது உலகமே நகைத்தது. நகைப்பு ஓய்ந்தபின் கேட்கத்தக்க வினாக்கள் சில உள்ளன. அத்தீவுகள் யாருக்கு உரியன? அங்கே செல்ல இயலுமா? செல்பவர் எவ்வாறு செல்ல வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமைவிடம்

உலகப் படத்தில் மாலத்தீவின் தலைநகர் மாலேயில் விரலை வைத்து நேர் தெற்கே இழுத்துச் சென்றால், இந்துமாக்கடல் முழுவதையும் கடந்து, தென் அட்சரேகை 53 பாகையை நெருங்கும்போது ஒரு சிறு புள்ளி தட்டுப்படும். அதுவே ஹெர்ட் தீவு. நம் கள்ளிக்குப்பத்திலிருந்து ஏழாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து அளந்தாலும் தென்மேற்கே சுமார் நாலாயிரம் கிலோமீட்டர் தொலைவு. அண்டைத் தீவான கெர்கலன் பிரெஞ்சு நாட்டுக்குரியது. அதுவும் 400 கிலோமீட்டருக்கு மேல் விலகியே நிற்கிறது.

தீவின் பரப்பு 368 சதுர கிலோமீட்டர். நடுவே ‘பிக் பென்’ என்னும் எரிமலைத் திரள் எழுந்து நிற்கிறது. அதன் உச்சியாகிய மாசன் சிகரம் 2,745 மீட்டர் உயரமுடையது. தென்னிந்தியாவின் உயர்ந்த சிகரமாகிய ஆனைமுடி 2,695 மீட்டர்தான் என்பதை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம். உள்ளே நெருப்புக் குழம்பு, வெளியே பனியாறுகள், சுற்றிலும் ஓயாது வீசும் மேலைக்காற்று என்று முரண்பட்ட இயற்கை ஆற்றல்கள் ஒருங்கே கூடிய நிலம் அது. மேற்கே சுமார் 44 கிலோமீட்டரில் உள்ள மக்டொனால்ட் தீவுகள் மிகச் சிறியன. அங்கே நெடுங்காலம் உறங்கிக் கிடந்த எரிமலை 1990களில் விழித்தெழுந்தது. அதன் பின்னர் எடுத்த செயற்கைக்கோள் படங்களில் தீவின் பரப்பு இரு மடங்காகப் பெருகியிருந்தது.

இத்தீவுகளுக்கும் நம் நாட்டுக்கும் ஒரு பழைய உறவும் உண்டு. இவை கெர்கலன் பீடபூமி என்னும் பெரிய கடலடி நிலத்தின் மேல் அமைந்தவை. புவியின் ஆழத்திலிருந்து வெப்பக் குழம்பு மேலெழும் ஓரிடமே அப்பீடபூமியை உருவாக்கியது. ஏறத்தாழ 11 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், இந்திய நிலத்தட்டு தெற்கே இருந்த காலத்தில், அதே வெப்பமையத்தின் தொடர்பால் ராஜ்மகால் குன்றுகளின் எரிமலைப் பாறைகள் தோன்றின என்பது புவியியலார் பலரின் கருத்து. இந்தியா வடக்கே நகர்ந்தபோது விட்டுச்சென்ற சுவடாகத் ‘தொண்ணூறு பாகைக் கிழக்கு முகடு’ என்னும் கடலடி மலைத்தொடர் வங்கக் கடலிலிருந்து தெற்கு நோக்கி நீண்டு கிடக்கிறது.

முதலில் சென்றோர் செய்தது

1853 நவம்பர் 25ஆம் நாள், பாஸ்டனிலிருந்து மெல்போர்ன் நோக்கிச் சென்ற ‘ஓரியண்டல்’ என்னும் கப்பலின் தலைவர் ஜான் ஹெர்ட் இத்தீவைக் கண்டு அறிவித்தார். சில வாரங்களில், 1854 ஜனவரி 4ஆம் நாள், ‘சமராங்’ கப்பலின் தலைவர் வில்லியம் மக்டொனால்ட் அடுத்த தீவுகளைக் கண்டார். கண்டவர் பெயர்கள் தீவுகளுக்கு நிலைத்துவிட்டன.

1855இல் முதன்முதலாகக் கரையேறியவர்கள் சீல் வேட்டையாடிகள். துதிக்கை போன்று தொங்கும் மூக்கையுடைய யானைச் சீலின் கொழுப்பை உருக்கினால் விளக்கெரிக்கவும் எந்திரங்களுக்கு இடவும் ஏற்ற எண்ணெய் கிடைக்கும். அதற்காகக் கற்குடில்களிலும் கவிழ்த்த பீப்பாய்களுக்கு இடையிலும் குளிர்காலத்தைக் கழித்து வேட்டையாடினர். கால் நூற்றாண்டு கழிந்து 1880ஐ எட்டும்போது தீவின் சீல்களில் பெரும்பாலானவை அழிந்துபோயின. வேட்டைக்குப் பொருளில்லாது போகவே வேட்டையாடிகளும் போய்விட்டனர். காப்பார் எவருமின்றி மனிதக் கையில் அகப்பட்ட ஒரு தீவு இருபத்தைந்து ஆண்டுகளில் என்ன ஆயிற்று என்பதற்கு இவ்வரலாறே போதும்.

1947 டிசம்பர் 26ஆம் நாள் பிரிட்டன் இத்தீவுகளின் உரிமையை ஆஸ்திரேலியாவுக்கு மாற்றிக் கொடுத்தது. அட்லஸ் வளைகுடாவில் ஆஸ்திரேலியர் நிறுவிய ஆய்வு நிலையம் 1955 வரை இயங்கிற்று. 1952இல் அந்நிலையத்தைச் சேர்ந்த இருவர் உயிரிழந்தனர். அதன்பின் நிலையம் மூடப்பட்டு ஆய்வு முயற்சி அண்டார்க்டிகக் கண்டத்துக்கு இடம் மாறியது. வேட்டை நின்ற தீவில் சீல்கள் மெல்ல மெல்லப் பெருகின. 1997இல் யுனெஸ்கோ இத்தீவுகளை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

செல்லும் வழி

இன்றும் இத்தீவுக்கு விமானமில்லை, இறங்குதுறையில்லை, தங்க விடுதியில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் செல்வதற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். அலை தணிந்து, காற்று ஓய்ந்து, மேகம் விலகும் நேரம் பார்த்து ரப்பர்ப் படகிலோ ஹெலிகாப்டரிலோ கரை சேர வேண்டும். அந்நேரம் வாய்க்காமல் கரையைக் கண்ணால் மட்டும் கண்டு திரும்பிய கப்பல்களும் உண்டு. கரையில் ஒருவருக்குக் கால் முறிந்தாலும் உதவி வந்து சேரப் பல நாள்கள் ஆகும். ஒருவரும் கரையேறாது கழியும் ஆண்டுகள் பல. மக்டொனால்ட் தீவிலோ 1971இலும் 1980இலும் மட்டுமே மனிதர் இறங்கியதாகப் பதிவு உள்ளது.

இவ்வளவு இடர்களையும் தாங்கிச் செல்பவர் யார்? முதலாவது வகையினர் விஞ்ஞானிகள். இரண்டாவது வகையினர் மலையேறுவோர். 1965 ஜனவரியில் வார்விக் டீக்காக் தலைமையிலான குழு பிக் பென் உச்சியை முதன்முதலாக அடைந்தது. அவர்களை ‘பட்டனெல்லா’ என்னும் பாய்க்கப்பலில் கொண்டு சேர்த்தவர் டில்மன். 1936இல் நம் நந்தாதேவிச் சிகரத்தில் முதலில் கால் பதித்த இருவருள் ஒருவர். மூன்றாவது வகையினர் அமெச்சூர் வானொலியாளர்கள். 1997இலும் 2016இலும் சென்ற குழுவினர் அங்கே கூடாரமிட்டு, உலகெங்கும் உள்ள தம் போன்றோருடன் பல்லாயிரம் முறை வானொலி வழியே தொடர்பு கொண்டு திரும்பினர்.

எவ்வகையினராயினும் ஆஸ்திரேலிய அண்டார்க்டிகப் பிரிவின் முன் அனுமதியின்றிக் கால் வைக்க இயலாது. எங்கே தங்குவது, எத்தனை பேர் இறங்குவது, பறவைக் கூட்டத்துக்கு எவ்வளவு தொலைவில் நிற்பது, கழிவை எவ்வாறு திருப்பி எடுத்துச் செல்வது என்பன எல்லாம் முன்கூட்டியே வரையறுக்கப்படும். இவற்றுள் புறப்படுவோருக்கு வியப்பளிப்பது தூய்மைச் சடங்குதான். காலணியின் அடிப்புறத்தைத் தேய்த்துக் கழுவிக் கிருமிநாசினியில் நனைக்க வேண்டும். சட்டைப் பையை வெளியே இழுத்துத் துப்புரவாக்க வேண்டும். ஒட்டுப்பட்டையின் இழைகளுக்குள் சிக்கிய புல் விதையையும் ஒவ்வொன்றாக எடுத்தெறிய வேண்டும்.

ஒரு விதையின் வலிமை

ஒரு புல் விதைக்கு இத்தனை அச்சமா என்று கேட்கத் தோன்றும். விடை நம் ஊர்ப்பெயரில் உள்ள கள்ளியிலேயே இருக்கிறது. சதுரக்கள்ளி நம் மண்ணுக்கு உரியது. சப்பாத்திக்கள்ளியோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், சிவப்புச் சாயம் தரும் பூச்சியை வளர்க்கும் நோக்கத்துடன், கம்பெனி மருத்துவராகிய ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே அமைத்தார். சாய வாணிகம் செழிக்கவில்லை. ஆனால் இவ்வாறு கடல் கடந்து வந்த சப்பாத்திக்கள்ளி வகைகள் தென்னாட்டின் வயல் வரப்பிலும் மேய்ச்சல் நிலத்திலும் புகுந்து பரவின. நம் ஏரிகளை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரையும் தென்னமெரிக்காவிலிருந்து மனிதன் கொண்டுவந்ததே. கோடிக்கணக்கான மக்களும் கால்நடைகளும் உழவுக் கருவிகளும் உள்ள நாட்டிலேயே நிலைமை இதுவானால், ஒரு மரம்கூட இல்லாத தீவின் கதி என்னவாகும்?

தென்கடலின் வேறு தீவுகள் இதற்கு விடை சொல்கின்றன. தென்னாப்பிரிக்காவுக்குரிய மேரியன் தீவில் சீல் வேட்டையாடிகளின் கப்பல்களோடு சுண்டெலிகள் வந்திறங்கின. அவற்றை ஒழிக்கவென்று 1949இல் ஐந்து பூனைகளைக் கொண்டுவந்தனர். அவை ஆயிரக்கணக்கில் பெருகி, எலியை விட்டுவிட்டு வளைகளில் வாழும் கடற்பறவைகளை ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் தின்றன. பூனைகளை முற்றிலும் ஒழிக்க 1991 வரை பாடுபட வேண்டியதாயிற்று. எலிகளோ இன்னும் இருக்கின்றன. கூட்டில் அமர்ந்திருக்கும் அல்பட்ராஸ் குஞ்சுகளை உயிருடனேயே கொறித்துக் கொல்கின்றன. மாக்குவாரித் தீவில் முயலையும் எலியையும் ஒழித்துவிட்டதாக 2014இல்தான் அறிவிக்க முடிந்தது.

ஹெர்ட் தீவில் எலியில்லை, பூனையில்லை, முயலில்லை. இலட்சக்கணக்கான மாக்கரோனி பென்குவின்கள் பகையறியாது முட்டையிடுகின்றன. அத்தீவுக்கே உரிய நீர்க்காக இனமொன்று அங்கே வாழ்கிறது. புழல் ஏரியில் நாம் காணும் நீர்க்காகத்தின் உறவான அப்பறவைக்கு உலகில் வேறு இருப்பிடமில்லை. காலணியைக் கழுவச் சொல்லும் விதியின் பொருள் இப்போது விளங்கும். அங்கே செல்பவர் விருந்தினர்; வீட்டாரோ வாய் திறந்து முறையிட இயலாதவர்கள். ஆதலால் அவர்கள் சார்பில் சட்டம் பேசுகிறது.

தொலைவிலிருந்தும் ஒரு பயன்

இத்தீவால் உலகுக்குப் பயனுண்டா எனில், 1991இல் நடந்த ஆய்வொன்றைச் சொல்லலாம். நீருக்குள் ஒலி செல்லும் வேகம் நீரின் வெப்பத்தைப் பொறுத்தது. எனவே மாக்கடலின் குறுக்கே ஒலியை அனுப்பி அது சென்று சேரும் நேரத்தை அளந்தால், கடல் சூடேறுகிறதா என்பதை அறியலாம் என வால்ட்டர் மங்க் என்னும் கடலியல் அறிஞர் கருதினார். ஹெர்ட் தீவுக்கு அருகிலிருந்து நிலம் குறுக்கிடாமல் இந்து, அட்லாண்டிக், பசிபிக் ஆகிய மூன்று மாக்கடல்களுக்கும் ஒலி செல்ல வழியுண்டு. 1991 ஜனவரி இறுதியில் ஒரு கப்பலிலிருந்து கடலுக்குள் இறக்கிய ஒலிபெருக்கிகள் 57 ஹெர்ட்ஸ் அதிர்வில் முழங்கின. ஏறத்தாழ மூன்றரை மணி நேரத்தில், சுமார் 18 ஆயிரம் கிலோமீட்டர் கடந்து, வட அமெரிக்காவின் இருபுறக் கடற்கரைகளிலும் அவ்வொலி கேட்டது. ஒலியைக் கேட்கக் கருவி வைத்துக் காத்திருந்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று.

காவலும் காவலுக்கு அடங்காதவையும்

தீவைச் சூழ்ந்த கடலில் ‘டூத்ஃபிஷ்’ எனப்படும் விலையுயர்ந்த ஆழ்கடல் மீன் கிடைக்கிறது. அளவறிந்து பிடிக்க உரிமம் உண்டு. திருட்டுத்தனமாகப் பிடிப்போரும் உண்டு. 2003 ஆகஸ்ட் 7ஆம் நாள் ஹெர்ட் தீவுக்கு அருகில் ‘வியர்சா 1’ என்னும் கப்பலை ஆஸ்திரேலியக் காவற்கப்பல் கண்டது. ஓடத் தொடங்கிய அக்கப்பலைப் பனிப்பாறைகளுக்கும் புயலுக்கும் நடுவே இருபத்தொரு நாள், ஏழாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் துரத்திச் சென்று தென் அட்லாண்டிக்கில் பிடித்தார்கள். வழக்கின் முடிவில், 2005இல், மாலுமிகள் விடுவிக்கப்பட்டனர். எனினும் ஆளில்லாத் தீவின் மீனுக்காக ஓர் அரசு மாக்கடலின் மறுகோடி வரை துரத்தும் என்பதை மீன்திருடர்கள் அறிந்துகொண்டார்கள்.

ஆனால் எந்தக் காவற்கப்பலும் மறிக்க இயலாத இரண்டு இன்று அத்தீவுக்குள் புகுந்துள்ளன. ஒன்று வெப்பம். 1947க்கும் 2019க்கும் இடையில் ஹெர்ட் தீவின் பனியாறுகள் தம் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிட்டன. புகைபோக்கி ஒன்றுகூட இல்லாத தீவின் பனி, புகைபோக்கிகள் நிறைந்த நம் நகரங்களின் செயலால் உருகுகிறது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிச் சாலையும் அக்கணக்கில் சேர்ந்தவையே.

மற்றொன்று நோய். 2024இன் இறுதியில் கெர்கலன், குரோசெ தீவுகளில் பறவைக் காய்ச்சல் தோன்றியது. 2025 அக்டோபரில் ஹெர்ட் தீவுக்குச் சென்ற ஆய்வாளர்கள் யானைச் சீல் குட்டிகள் வழக்கத்துக்கு மாறாகப் பெருந்தொகையில் இறந்து கிடப்பதைக் கண்டனர். எடுத்துவந்த மாதிரிகளில் எச்5 வகைப் பறவைக் காய்ச்சல் இருப்பது நவம்பரில் உறுதியாயிற்று. மனிதரின் காலணியைக் கழுவலாம். கடல் கடந்து பறக்கும் பறவையின் காலைக் கழுவுவார் யார்? அதற்காகக் கழுவுவதை விட்டுவிடலாம் என்று எவரும் கூறவில்லை. நம் கையில் உள்ளதை நாம் செய்வது கடன் என்பதே அவர்கள் கொண்ட முடிவு.

இந்தியர் சென்ற தென்கடல்

தென்கடல் நமக்கு முற்றிலும் அயலானதன்று. 1981 டிசம்பர் 6ஆம் நாள் கோவாவிலிருந்து ‘போலார் சர்க்கிள்’ என்னும் நார்வே நாட்டுக் கப்பலில் இருபத்தொருவர் புறப்பட்டனர். தலைவர் டாக்டர் சையத் ஜஹூர் காசிம். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் பயின்று அங்கேயே பணியாற்றியவர். கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். மொரீஷியஸ் வழியாகத் தென்கடலின் சூறைக்காற்றுகளைக் கடந்து 1982 ஜனவரி 9ஆம் நாள் அவர்கள் அண்டார்க்டிகாவில் இறங்கினார்கள். மனிதர் நிலையாக வாழாத நிலத்துக்கு இந்தியா அனுப்பிய முதல் அறிவுத் தூது அது. பின்னாளில் காசிம் அவர்கள் ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் துணைவேந்தராகவும் விளங்கினார் என்பது நம் மாணவர்கள் மனங்கொள்ளத் தக்கது.

அவர் திறந்த வழியில் தட்சிண கங்கோத்ரி, மைத்ரி, பாரதி ஆகிய நிலையங்கள் அமைந்தன. 2012இல் தொடங்கப்பெற்ற பாரதி நிலையம் ஹெர்ட் தீவுக்குத் தெற்கே சுமார் 1,800 கிலோமீட்டரில், ஏறத்தாழ அதே தீர்க்கரேகையில் உள்ளது. ஹெர்ட் தீவைச் சூழ்ந்த கடலின் உயிர்வளத்தைக் காக்கும் பன்னாட்டு ஆணையத்தில் இந்தியாவும் உறுப்பு நாடு. எனவே அக்கடலில் எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்று முடிவு செய்யும் அவையில் நமக்கும் ஓர் இருக்கை உண்டு. 2022இல் நம் நாடாளுமன்றம் இந்திய அண்டார்க்டிகச் சட்டத்தை நிறைவேற்றியது. அனுமதியின்றி அண்டார்க்டிகாவுக்குப் பயணம் மேற்கொள்வதையும், அயல் விலங்கையும் செடியையும் அங்கே கொண்டு செல்வதையும் அச்சட்டம் தடுக்கிறது. காவல் காப்போர் வரிசையில் நாமும் சேர்ந்துவிட்டோம்.

அண்மையில் உள்ள பாடம்

ஆளில்லாத் தீவைக் காண ஏழாயிரம் கிலோமீட்டர் செல்ல வேண்டியதில்லை. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் இருபத்தொரு தீவுகள் வரிசையாக உள்ளன. கீழக்கரை மரக்காயர்களின் கப்பல்கள் அப்பா தீவு, முல்லித்தீவு ஆகியவற்றின் அருகே சென்ற காலம் நம் பெரியோர்களின் நினைவில் உள்ளது. 1986இல் அத்தீவுகள் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அதற்கு முன்பே சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளைப் பல்லாண்டுகள் வெட்டி எடுத்திருந்தார்கள். அரணாக நின்ற பவளம் போனபின் அலை நேரே வந்து மோதியது. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் கடலுக்குள் மறைந்தன. வான் தீவும் சுருங்கி வந்ததால், எஞ்சியதைக் காக்கச் செயற்கைப் பாறைகளைக் கடலுக்குள் இறக்க வேண்டியதாயிற்று.

ஹெர்ட் தீவின் சீல்கள் திரும்பி வந்தன; பூவரசன்பட்டி திரும்பி வரவில்லை. முன்னதில் அழிவை ஆக்கிய கை விலகியபோது நிலம் மிச்சமிருந்தது. பின்னதில் நிலமே போயிற்று. எந்த இழப்பு மீளும், எந்த இழப்பு மீளாது என்பதை நாம் முன்கூட்டி அறிய இயலாது என்பதால்தான் காவல் முதலிலேயே தேவைப்படுகிறது.

நம் மாணவருள் ஒருவர் நாளை கடலியல் கற்று, கோவாவில் உள்ள தேசியத் துருவ, மாக்கடல் ஆய்வு மையத்தின் வழியே தென்கடலுக்குச் செல்லக் கூடும். அவருடைய பயணம் சிறக்கட்டும். செல்லும் வாய்ப்பில்லாத ஏனையோர்க்கும் பணி உண்டு. ஆகாயத்தாமரை படர்ந்த ஏரியைத் துப்புரவாக்குவதும், வெளிநாட்டு அலங்கார மீனை அலுத்துப்போனால் குளத்தில் கொட்டாதிருப்பதும், தீவுக்குச் சுற்றுலா சென்றால் பவளத்தை ஒடித்து எடுத்து வராதிருப்பதும் அப்பணியின் பகுதிகளே. பேசவியலாத உயிர்களின் இருப்பிடத்துக்குள் செல்பவர் அங்கே எதையும் விட்டுவராமலும், அங்கிருந்து எதையும் எடுத்துவராமலும் திரும்புவதே பண்பு.